எங்கள் லைசென்ஸ் விவரத்தை யார் யார் பார்த்தார்கள்? எங்களுக்கும் காட்டுங்கள்

மத்திய சாலைப் போக்குவரத்து, நெடுஞ்சாலைத் துறை அமைச்சர் அவர்களுக்கும், தமிழ்நாடு அரசின் போக்குவரத்து ஆணையர் அவர்களுக்கும்,

வண்டிப் பதிவுக்கு ‘வாகன்’, ஓட்டுநர் உரிமத்துக்கு ‘சாரதி’ என்று இரண்டு கணினிப் பதிவேடுகளை நீங்கள் நடத்துகிறீர்கள். தமிழ்நாட்டில் எந்த ஊர் ஆர்.டி.ஓ. ஆபீஸில் மனு கொடுத்தாலும் விவரம் கடைசியில் போய்ச் சேருவது அங்கேதான். 2025 ஆகஸ்டில் மத்திய அமைச்சகம், இவற்றோடு இ-சலான், ஃபாஸ்டேக் போன்றவற்றையும் சேர்த்த தேசியப் போக்குவரத்துக் களஞ்சியத்துக்கு ஒரு தரவுப் பகிர்வுக் கொள்கையை வெளியிட்டது. 39 கோடிக்கும் மேற்பட்ட வண்டிகள், 22 கோடிக்கும் மேற்பட்ட லைசென்ஸ்கள். அந்த விவரங்களை யார் யாருக்கு, எந்த வழியில் தரலாம் என்று அந்தக் கொள்கை விரிவாகப் பேசுகிறது. சரி. ஆனால் என் விவரத்தை இதுவரை யார் யார் எடுத்துப் பார்த்தார்கள் என்று நான் தெரிந்துகொள்ள, இன்றைக்கு உங்கள் ‘பரிவாகன்’ இணையதளத்தில் ஒரு வழியும் இல்லை. இதைச் சரிசெய்யாமல் அடுத்த கதவைத் திறக்காதீர்கள் என்று சொல்லத்தான் இந்தக் கடிதம்.

நான் திருச்சியில் ஒரு தனியார் அலுவலகத்தில் கணக்கு வேலை பார்க்கிறேன். தினமும் ஸ்கூட்டரில் போய்வருகிறவள். போன வருடம் ஒரு கல்யாண மண்டபத்து வாசலில் என் வண்டியை மறித்து ஒருவர் காரை நிறுத்தியிருந்தார். எடுங்கள் என்றேன். அவர் ஒன்று சொன்னார், நான் ஒன்று சொன்னேன். பார்க்கிங் தகராறு, அவ்வளவுதான். இரண்டு மூன்று நாள் கழித்துப் புது நம்பரிலிருந்து போன் வந்தது. என் முழுப் பெயரைச் சொல்லி, “அப்பா பேரு இன்னார்தானே?” என்று கேட்டது குரல். அப்பா காலமாகிப் பல வருடமாகிறது. இப்போது அவர் பெயர் என் வண்டியின் ஆர்.சி.யிலும் இன்னும் இரண்டு மூன்று சான்றிதழ்களிலும்தான் இருக்கிறது. அடுத்து என் தெருப் பெயரைச் சொன்னார். “பிள்ளையார் கோயிலுக்கு இந்தப் பக்கமா அந்தப் பக்கமா மேடம் வீடு?” என்று சிரித்துவிட்டுப் போனை வைத்துவிட்டார்.

காவல் நிலையத்தில் புகாரை வாங்கிக்கொண்டு சி.எஸ்.ஆர். ரசீது போட்டுக் கொடுத்தார்கள். “மிரட்டலையேம்மா, எந்த செக்‌ஷன்ல போடறது?” என்று அங்கிருந்தவர் கேட்டது குத்தலாக இல்லை, உண்மையாகவே அவருக்குப் புரியவில்லை. போன் பண்ணிய ஆளைக் கூப்பிட்டு விசாரித்தபோது அவர் மறைக்கவும் இல்லை. “வண்டி நம்பரைக் கொடுத்தேன் சார், ஃப்ரெண்டு ஒருத்தர் எடுத்துக் கொடுத்தாரு.” யார் அந்த ஃப்ரெண்டு, எங்கிருந்து எடுத்தார் என்று யாரும் கேட்கவில்லை. இனிமேல் போன் பண்ணமாட்டேன் என்று எழுதி வாங்கிக்கொண்டு அனுப்பிவிட்டார்கள்.

நான் கேட்க நினைத்தேன். வண்டி பதிவான ஆபீஸுக்குப் போனேன். அங்கே ஒரு ஊழியர், நல்ல மனிதர், உட்காரச் சொல்லிப் பேசினார். “எங்க லாகின்லேர்ந்து போயிருக்காதும்மா. போலீஸுக்கு லாகின் இருக்கு, டீலருக்கு இருக்கு, லோன் குடுக்கறவங்களுக்கு இருக்கு, புகை டெஸ்ட் எடுக்கிற சென்டர்ல கூட நம்பரை அடிச்சா வண்டி வரும். எதுலேர்ந்து போச்சுன்னு யார் கண்டா?” அவர் என்னைத் தட்டிக்கழிக்கவில்லை. நிலைமை அதுதான் என்று சொன்னார். அப்புறம் தகவல் உரிமைச் சட்டத்தில் மனு போட்டேன். என் வண்டி எண்ணை அந்த வாரத்தில் எந்தெந்தப் பயனர் கணக்குகளிலிருந்து தேடினார்கள், அவ்வளவுதான் கேள்வி. ‘கோரப்பட்ட தகவல் இவ்வலுவலகத்தில் பராமரிக்கப்படவில்லை’ என்று ஒரு வரியில் பதில் வந்தது.

என் பெயர், அப்பா பெயர், முகவரி எல்லாம் பராமரிக்கப்படுகிறது. அவற்றை எடுத்தவர் பெயரைத்தான் காணோம்.

இந்த விவரங்களை உங்களுக்கு நாங்கள் விரும்பிக் கொடுக்கவில்லை என்பதை நினைவில் வையுங்கள். மோட்டார் வாகனச் சட்டத்தின் 3ஆம் பிரிவுப்படி லைசென்ஸ் இல்லாமல் ரோட்டில் வண்டி ஓட்ட முடியாது. 2019 திருத்தத்தில் வந்த 25ஏ, 62பி பிரிவுகளின்படி நாடு முழுமைக்குமான லைசென்ஸ் பதிவேட்டிலும் வண்டிப் பதிவேட்டிலும் இடம்பெறாமல் இருக்கவும் முடியாது. பிறந்த தேதி, முகவரி, படம், கையெழுத்து, மொபைல் எண், இரத்த வகை, இறந்தபின் உறுப்பு தானம் செய்யச் சம்மதமா இல்லையா என்பது வரை எல்லாம் அங்கே இருக்கிறது. வண்டிப் பக்கம் பார்த்தால் இன்ஜின் எண், சேசிஸ் எண், யாரிடம் லோன், இன்சூரன்ஸ் எந்தத் தேதியில் முடிகிறது என்பதெல்லாம். கடையில் உறுப்பினர் அட்டைக்கு மொபைல் எண் கேட்டால் “வேண்டாங்க” என்று சொல்லிவிட்டு வரலாம். உங்களிடம் அப்படிச் சொன்னால் அடுத்த நாள் நான் பஸ்ஸுக்கு நிற்க வேண்டும். அதனால் உங்கள் பொறுப்பு அந்தக் கடைக்காரரின் பொறுப்பைவிடப் பல மடங்கு அதிகம்.

நீங்கள் ஏற்கெனவே ஒருமுறை இதை விற்றிருக்கிறீர்கள். 2019 மார்ச்சில் மொத்தத் தரவுப் பகிர்வுக் கொள்கை என்று ஒன்றை வெளியிட்டீர்கள். வணிக நிறுவனம் என்றால் வருடத்துக்கு 3 கோடி ரூபாய், ஆராய்ச்சிக்குக் கல்வி நிறுவனம் கேட்டால் 5 லட்சம். அந்தத் தரவை வேறு தரவுகளோடு பொருத்திப் பார்த்தால் ஆளை அடையாளம் கண்டுபிடித்துவிட வாய்ப்புண்டு என்பதை அந்தக் கொள்கையே ஒப்புக்கொண்டது. தெரிந்துதான் செய்தீர்கள். அந்த வருடம் ஜூலையில் மாநிலங்களவையில் அமைச்சரே சொன்ன கணக்கு: 87 தனியார் நிறுவனங்கள், 32 அரசு அமைப்புகள், வருமானம் 65 கோடி ரூபாய். அப்போது பதிவேட்டில் ஏறக்குறைய 25 கோடி வண்டிகளும் 15 கோடி லைசென்ஸ்களும் இருந்தன. ஒருவர் பங்குக்கு எவ்வளவு வந்தது என்று கணக்குப் போட்டுப் பார்த்தேன், தொழில் புத்தி. வண்டி, லைசென்ஸ் எல்லாவற்றையும் சேர்த்தால் ஒரு பதிவுக்கு இரண்டு ரூபாய்கூடத் தேறவில்லை. டீக்கடையில் ஒரு வடைகூட வராது.

2020 ஜூனில் அந்தக் கொள்கையைக் கைவிட்டீர்கள். தவறான பயன்பாடும் அந்தரங்கம் பற்றிய கவலையும்தான் காரணம் என்றீர்கள். நல்லது. வாங்கியவர்களின் கணினியில் இருக்கிற படி என்ன ஆனது? அழித்துவிட்டோம் என்று அவர்களிடம் எழுதி வாங்கினீர்களா? யாராவது போய்ச் சரிபார்த்தார்களா? கொள்கையை ரத்து செய்ய ஒரு உத்தரவு போதும், கொடுத்த தரவு அந்த உத்தரவைப் படித்துவிட்டுத் திரும்பி வருவதில்லை. 2021இல் நாடாளுமன்றத்தில் வந்த பதிலில் இந்தப் பதிவேடுகள் மூலம் வந்த வருமானம் 100 கோடியைத் தாண்டியிருந்தது. பணக் கணக்கு துல்லியமாக இருக்கிறது, அதில் எனக்குச் சந்தோஷமே. அதே துல்லியத்தோடு தரவுக் கணக்கும் வேண்டும் என்கிறேன்.

லைசென்ஸுக்கு எடுத்த படத்தின் கதை வேறு. 2020 பிப்ரவரியில் டெல்லியில் கலவரம் நடந்தது. மார்ச் 11ஆம் தேதி மக்களவையில் பேசிய உள்துறை அமைச்சர், முகம் கண்டறியும் மென்பொருளில் வாக்காளர் அட்டை, ஓட்டுநர் உரிமத் தரவுகளை ஏற்றி ஆயிரத்துக்கும் மேற்பட்டவர்களை அடையாளம் கண்டதாகச் சொன்னார். கலவரம் செய்தவரைப் பிடிக்க வேண்டாம் என்று யாரும் சொல்லப்போவதில்லை. ஆனால் எட்டு போட்டுக் காட்டிவிட்டு லைசென்ஸ் வாங்க வந்து, கேமராவைப் பார்த்து உட்கார்ந்த ஒவ்வொருவரும் இனி எந்த வழக்கிலும் ஒப்பிட்டுப் பார்க்கப்படும் முகமாக ஆகிவிட்டார்கள். இதற்கென்று ஒரு சட்டம் இயற்றி, யார் கேட்கலாம், யார் அனுமதிக்க வேண்டும் என்று வகுத்துவிட்டுச் செய்திருக்கலாம். 2017 ஆகஸ்ட் 24 அன்று உச்ச நீதிமன்றத்தின் ஒன்பது நீதிபதிகள் அமர்வு அந்தரங்கத்தை அடிப்படை உரிமை என்று தீர்ப்பளித்தபோது கேட்டதும் அதைத்தான்: முதலில் சட்டம், பிறகு நியாயமான நோக்கம், பிறகு அளவு.

இப்போதைய கொள்கை பழையது மாதிரி இல்லை, சட்டத்துக்கு உட்பட்டது, சம்பந்தப்பட்டவரின் ஒப்புதலோடு நடப்பது என்று நீங்கள் சொல்லலாம். ஒப்புதல் என்றால் நடைமுறையில் என்ன? மொபைலுக்கு ஓ.டி.பி. வரும், அதைச் சொன்னால் ஒப்புதல். எந்த மொபைலுக்கு?

என் தம்பி லைசென்ஸ் எடுத்தது டிரைவிங் ஸ்கூல் மூலம். நம் ஊரில் பெரும்பாலானோர் எடுப்பது அப்படித்தான். முகவரி மாற்றப் போனபோது ஓ.டி.பி. அவனுக்கு வரவே இல்லை. கடைசி நான்கு எண்ணைப் பார்த்தால் அது அவன் நம்பரே இல்லை. டிரைவிங் ஸ்கூல் ஓனர் எல்.எல்.ஆர். போடும்போது தன் நம்பரைக் கொடுத்திருக்கிறார். கேட்டால், “எல்லாருக்கும் என் நம்பர்தான் தம்பி. இல்லேன்னா ஒவ்வொருத்தருக்கும் போன் பண்ணி ஓ.டி.பி. கேட்டுட்டு ஒக்காந்திருக்கணும்” என்றார். அவரைக் குறை சொல்ல எனக்கு மனமில்லை. ஒரு நாளைக்குப் பத்துப் பேருக்கு ஆன்லைனில் போட்டுக் கொடுக்கிறவர் வேறு எப்படிச் செய்வார்? வண்டி டீலர்களிடமும் இதே வழக்கம். செகண்ட்ஹேண்ட் வண்டி வாங்கி விற்கும் தரகர்களிடம் இன்னும் கூடுதல். வண்டியைப் பெயர் மாற்றுவதற்கான 29ஆம் படிவம், 30ஆம் படிவம் இரண்டிலும் விற்கிறவரிடம் வெறுமையாகவே கையெழுத்து வாங்கி, ஆதார் நகலோடு பின் குத்தி வைத்திருப்பார்கள். வாங்க ஆள் வரும்போது நிரப்பிக்கொள்வார்கள்.

ஆக உங்கள் பதிவேட்டில் எத்தனையோ பேரின் பெயருக்கு எதிரில் இருப்பது டிரைவிங் ஸ்கூல்காரர், டீலர், தரகர் இவர்களுடைய எண். அவர்கள் ‘ஓகே’ சொன்னால் அது என் தம்பியின் ஒப்புதல். இந்த ஒரு விஷயத்தைத் தீர்க்காமல் ஒப்புதலை நம்பி ஒரு கொள்கையை நடத்த முடியாது. சென்னையில் ஆணையர் அலுவலகத்திலோ டெல்லியில் அமைச்சகத்திலோ உட்கார்ந்து பார்த்தால் இது தெரியாது. எந்த ஆர்.டி.ஓ. ஆபீஸ் எதிரிலும் இருக்கிற ஜெராக்ஸ் கடையில் அரை மணி நேரம் நின்றால் தெரிந்துவிடும்.

அப்படி ஒரு கடையில் நின்றிருக்கிறேன். கம்ப்யூட்டரில் ‘ஆர்டிஓ’ என்று ஒரு ஃபோல்டர். அதற்குள் ஊர்ப்பட்ட ஆதார் பி.டி.எஃப்.கள், மெடிக்கல் சர்டிபிகேட்டுகள், பாஸ்போர்ட் சைஸ் படங்கள். நாற்பது வயதைத் தாண்டியவர்கள் கொடுக்கும் 1ஏ மெடிக்கல் படிவத்தில் கண் பார்வை, காது, அங்க அடையாளம் எல்லாம் இருக்கும். ஆதார் பி.டி.எஃப்.பைத் திறக்கப் பெயரின் முதல் நான்கு எழுத்தும் பிறந்த வருடமும்தான் கடவுச்சொல். கடைப் பையன் அதைக் கேட்காமலே அடித்துத் திறந்தான், பெயரும் வருடமும் எதிரே மனுவிலேயே இருக்கிறதே! பிரிண்ட் எடுத்தபின் அழிப்பாயா என்று கேட்டேன். “எதுக்குக்கா? திருப்பி வருவாங்கல்ல” என்றான். 2022 செப்டம்பரில் 58 சேவைகளை ஆபீஸுக்கு வராமலே ஆதார் வழியாக முடித்துக்கொள்ளலாம் என்று அறிவித்தீர்கள். வரிசையும் அலைச்சலும் குறைய வேண்டும் என்ற நோக்கத்தில் குறை சொல்ல ஒன்றுமில்லை. ஆனால் அந்த 58இல் பாதியை இங்கே மக்கள் செய்வது இந்த மாதிரிக் கடைகளில் நின்றுகொண்டுதான். ஆபீஸ் வரிசை கடைக்கு மாறியிருக்கிறது, காகிதமும் கூடவே மாறியிருக்கிறது.

விவரம் இப்படிக் கைமாறினால் என்ன குடிமுழுகிப்போகும் என்று கேட்கிறவர்கள் உண்டு. என் இன்சூரன்ஸ் முடிய ஒரு மாதம் இருக்கும்போதே போன்கள் தொடங்கிவிடுகின்றன. வண்டி எண், மாடல், முடியும் தேதி எல்லாம் சொல்லித்தான் பேசுகிறார்கள். அது தொல்லை, பொறுத்துக்கொள்ளலாம். ஆனால் போலி சலான் அப்படி இல்லை. ‘உங்கள் வண்டி இந்த எண், சிக்னல் மீறியதற்கு அபராதம்’ என்று வாட்ஸாப்பில் ஒரு ஏ.பி.கே. கோப்பு (போனில் செயலியை ஏற்றும் கோப்பு) வருகிறது. தட்டினால் போன் அவர்கள் கைக்குப் போய்விடும், ஓ.டி.பி.யும் போய்விடும், வங்கியில் இருக்கிற பணமும் போய்விடும். தெரியாத கோப்பைத் திறக்காதீர்கள், சைபர் மோசடி உதவி எண் 1930க்குப் போன் பண்ணுங்கள் என்று காவல்துறை ஓயாமல் சொல்கிறது. மக்கள் திறக்கிறார்கள். ஏன்? தன் சரியான வண்டி எண்ணும் தன் சரியான மொபைல் எண்ணும் ஒன்றாகத் தெரிந்தவர் அரசாங்கமாகத்தான் இருக்கும் என்ற நம்பிக்கையில். மோசடிக்காரன் பிழைப்பது உங்கள் பெயருக்கு இருக்கிற மரியாதையை வைத்து.

நீங்கள் கை கட்டி உட்கார்ந்திருக்கிறீர்கள் என்று நான் சொல்லவில்லை. ஒரு காலத்தில் வண்டி எண்ணை எஸ்.எம்.எஸ். அனுப்பினாலே உரிமையாளர் பெயர் வந்தது. எம்பரிவாகன் செயலியில் பெயர் முழுதாகத் தெரிந்தது. பிறகு பெயரில் பாதி எழுத்துகளை நட்சத்திரம் போட்டு மறைத்தீர்கள். சரியான காரியம். ஆனால் மறைத்தது முன்வாசலில். என் பெயரும் அப்பா பெயரும் தெருவும் அந்த ஆளுக்குக் கிடைத்தது முன்வாசல் வழியாக இல்லை.

அமெரிக்காவில் இதே விஷயத்துக்கு ஒரு சட்டம் வந்த கதையைக் கொஞ்சம் பாருங்கள். 1989இல் ரெபெக்கா ஷாஃபர் என்ற இளம் நடிகையை, அவரை வெறித்தனமாகப் பின்தொடர்ந்த ஒருவன் வீட்டு வாசலில் வைத்துச் சுட்டுக்கொன்றான். வீட்டு முகவரி அவனுக்குக் கிடைத்தது ஒரு தனியார் துப்பறிவாளர் மூலம். துப்பறிவாளருக்குக் கிடைத்தது கலிபோர்னியா மாநில மோட்டார் வாகனத் துறையிலிருந்து. அங்கே அப்போது அது பெரிய வேலையே இல்லை. 1994இல் ஓட்டுநர் அந்தரங்கப் பாதுகாப்புச் சட்டம் வந்தது. எங்கள் பதிவேடு, எங்கள் வருமானம், நீங்கள் யார் கேட்க என்று தென் கரோலினா மாநிலம் வழக்குப் போட்டபோது, 2000ஆம் ஆண்டு அந்நாட்டு உச்ச நீதிமன்றம் ஒருமனதாகச் சட்டத்தின் பக்கம் நின்றது. அந்தச் சட்டத்தில் ஓட்டைகள் நிறைய. விதிவிலக்குகளைக் காட்டி மாநிலங்கள் இன்றும் தரவை விற்றுச் சம்பாதிக்கின்றன. அதையெல்லாம் காப்பியடிக்கச் சொல்லவில்லை. ஒரு விஷயத்துக்காகச் சொல்கிறேன். விதியை மீறி ஒருவரின் விவரத்தை எடுத்தவர்மீது பாதிக்கப்பட்டவரே வழக்குத் தொடுக்கலாம், குறைந்தது 2,500 டாலர் இழப்பீடு அவர் கைக்கே வரும்.

நம்மிடம் 2023இல் டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் வந்திருக்கிறது. அதன் விதிகள் 2025 நவம்பரில் அறிவிக்கப்பட்டன. தரவைக் கையாளுகிறவர்களைக் கட்டுப்படுத்தும் முக்கியப் பிரிவுகள் 2027 மே வாக்கில்தான் அமலுக்கு வரும். பாதுகாப்பில் கோட்டை விட்டால் 250 கோடி வரை அபராதம் என்பது கேட்கப் பெரிதாக இருக்கிறது, ஆனால் அந்தப் பணம் அரசின் தொகுப்பு நிதிக்குப் போகும். பாதிக்கப்பட்டவருக்கு ஒரு பைசா கிடையாது. இழப்பீடு கேட்க வழி தந்த தகவல் தொழில்நுட்பச் சட்டத்தின் 43ஏ பிரிவையும் இந்தச் சட்டம் நீக்குகிறது. இன்னொரு பக்கம், பொய்யான அல்லது அற்பமான புகார் கொடுத்தால் எனக்கு 10,000 ரூபாய் வரை அபராதம் உண்டு. 17ஆம் பிரிவின்படி மத்திய அரசு நினைத்தால் எந்த அரசு அமைப்புக்கும் மொத்தமாக விலக்கு அளிக்கலாம். இவற்றில் காத்திருக்காமல் விதிகளோடு உடனே நடைமுறைக்கு வந்தது எது தெரியுமா? தகவல் உரிமைச் சட்டத்தின் 8(1)(ஜே) பிரிவைத் திருத்தியது. தனிப்பட்ட தகவல் என்று சொல்லி மறுப்பது இனி அதிகாரிக்குச் சுலபம். என் விவரத்தை எடுத்த அதிகாரியின் பெயரைக் கேட்டால் அது அவருடைய அந்தரங்கம் என்று பதில் வரும் நாள் தூரத்தில் இல்லை.

எல்லாவற்றையும் பூட்டி வையுங்கள் என்று நான் கேட்கவில்லை. எங்கள் பக்கத்து வீட்டு அண்ணனை ஒரு வேன் இடித்துவிட்டுப் போனபோது, நம்பரை வைத்து உரிமையாளரையும் இன்சூரன்ஸையும் கண்டுபிடித்ததால்தான் நஷ்டஈடு வழக்கே போட முடிந்தது. திருட்டு வண்டியா என்று சோதிக்க வேண்டும், செகண்ட்ஹேண்ட் வண்டி வாங்குகிறவர் லோன் பாக்கி இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். பதிவேடு இருப்பதே அதற்குத்தான். பார்க்கிறவர் பார்க்கட்டும், காரணத்தைச் சொல்லிவிட்டுப் பார்க்கட்டும், அது எனக்கும் தெரியட்டும். தன் பெயர் பதிவாகிறது, நாளைக்கு அந்தம்மா பார்க்கும் என்று தெரிந்தால் அந்த ‘ஃப்ரெண்டு’ என் வண்டி எண்ணை அடித்திருக்க மாட்டார்.

இது நடக்காத காரியமும் இல்லை. ஆதார் ஆணையத்தின் தளத்தில் நுழைந்து, கடந்த ஆறு மாதத்தில் என் ஆதார் எங்கெங்கே சரிபார்க்கப்பட்டது என்று தேதி, நேரத்தோடு நான் பார்க்கலாம். எஸ்டோனியா என்ற சின்ன நாட்டில், அரசுப் பதிவேடுகளில் தன் விவரத்தை எந்த அமைப்பு எப்போது பார்த்தது என்று குடிமக்களே பார்த்துக்கொள்கிறார்கள். இங்கே ஆதார் அவ்வளவு பெரிதாக இருந்தும் அதற்கு முடிந்திருக்கிறது. வாகனையும் சாரதியையும் கட்டிய தேசியத் தகவல் மையத்துக்கு மட்டும் முடியாதா?

மத்திய அமைச்சர் அவர்களிடம் நான் கேட்பவை இவை.

பரிவாகன் தளத்திலும் எம்பரிவாகன் செயலியிலும் ‘என் விவரத்தைப் பார்த்தவர்கள்’ என்று ஒரு பக்கம் வையுங்கள். எந்தத் தேதி, எந்த அலுவலகம் அல்லது நிறுவனம், என்ன காரணம், எந்தெந்த விவரம் என்று குறைந்தது இரண்டு வருடத்துக்கு அதில் தெரிய வேண்டும். முகவரியையோ மொபைல் எண்ணையோ யாராவது எடுத்தால் அப்போதே எஸ்.எம்.எஸ். வர வேண்டும். காவல்துறை விசாரணை என்றால் சில மாதம் தள்ளிக் காட்டுங்கள், காட்டாமலே விட்டுவிடாதீர்கள். இந்தப் பக்கம் வரும்வரை தனியார் யாருக்கும் புதிதாக இணைப்புக் கொடுக்க வேண்டாம்.

பதிவேட்டில் இருக்கும் மொபைல் எண் உரிமையாளருடையதுதானா என்று சரிபார்த்து முடிக்கும்வரை, ஓ.டி.பி.யை ஒப்புதலாக எடுத்துக்கொள்ளாதீர்கள். ஒரே எண் இருபது முப்பது லைசென்ஸில் இருந்தால் கண்டுபிடிக்க உங்கள் கணினிக்கு ஒரு நிமிடம் ஆகாது.

2020க்கு முன் தரவு வாங்கியவர்கள் யார் யார், என்னென்ன பெற்றார்கள், அழித்ததற்குச் சான்று தந்தவர்கள் எத்தனை பேர் என்று பட்டியலை வெளியிடுங்கள். இன்றைக்கு இணைப்பு வைத்திருப்பவர்களின் பட்டியலும் அதோடு வரட்டும், மாதாமாதம் புதுப்பிக்கப்படட்டும்.

லைசென்ஸுக்கு எடுத்த படத்தை முகம் கண்டறியும் மென்பொருளுக்குத் தருவதை, அதற்கென்று நாடாளுமன்றம் சட்டம் இயற்றும்வரை நிறுத்துங்கள். 17ஆம் பிரிவு விலக்கை வாகன், சாரதிக்குக் கேட்டுப் பெறமாட்டோம் என்று எழுத்தில் அறிவியுங்கள். பாதிக்கப்பட்டவருக்கு இழப்பீடு தர ஒரு ஏற்பாட்டை உங்கள் துறையின் விதிகளிலாவது கொண்டுவாருங்கள்.

போக்குவரத்து ஆணையர் அவர்களே, உங்கள் கையில் இருக்கும் வேலைகளுக்கு டெல்லியின் அனுமதி தேவைப்படாது. மாநிலத்தில் வாகன், சாரதி லாகின் யார் யாரிடம் இருக்கிறது என்று ஒரு தணிக்கை நடத்துங்கள். ஒரே கடவுச்சொல்லை ஆபீஸ் முழுக்கப் பயன்படுத்துவதையும் வேலையை விட்டுப் போனவரின் லாகின் உயிரோடு இருப்பதையும் அதில் பாருங்கள். டீலர், புகை பரிசோதனை மையம் போன்றவர்களுக்கு அந்த வேலைக்கு வேண்டிய விவரம் மட்டும் திரையில் வந்தால் போதும். புகை டெஸ்ட்டுக்கு வண்டிக்காரரின் அப்பா பெயர் எதற்கு?

ஒவ்வொரு ஆர்.டி.ஓ. ஆபீஸிலும் மாதத்தில் ஒரு சனிக்கிழமை, மொபைல் எண்ணைச் சொந்த எண்ணாக மாற்றிக்கொள்ள இலவச முகாம் நடத்துங்கள். டிரைவிங் ஸ்கூல்களும் தரகர்களும் மனுதாரரின் ஆதார் நகலை எத்தனை நாள் வைத்திருக்கலாம் என்று சுற்றறிக்கை அனுப்புங்கள், மீறினால் ஸ்கூல் உரிமத்தில் கை வையுங்கள். விவரம் கசிந்தால் புகார் கொடுக்க மாவட்டத்துக்கு ஒரு அதிகாரியை நியமித்து, அவர் பதவிப் பெயரையும் தொலைபேசி எண்ணையும் வாசலில் எழுதி வையுங்கள். புகார் வந்த 30 நாளுக்குள் தேடல் பதிவோடு பதில் போக வேண்டும், ‘பராமரிக்கப்படவில்லை’ என்ற பதில் இனி கூடாது.

இரண்டு அலுவலகங்களுக்கும் பொதுவாக ஒன்று. தரவுப் பகிர்வுக் கொள்கையையும், அதன்கீழ் வரும் ஒவ்வொரு உத்தரவையும் தமிழில் உங்கள் தளங்களில் வெளியிடுங்கள். இந்தக் கடிதத்துக்கான பதிலையும் தமிழிலேயே, எல்லோரும் படிக்கும்படி அங்கேயே போடுங்கள்.

இப்படிக்கு,
திருச்சியில் ஸ்கூட்டர் ஓட்டும் ஒருத்தி